இரண்டு வருடம் மாடியில் கிடந்த பாறைக் கல்: கொதிக்க வைக்கவா, ஆசிட்டில் போடவா?

காட்பாடிக் கடலோடி:

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். கடல் தொட்டி இதுதான் முதல் முறை. "தண்ணி இல்லாத ஆத்தங்கரையில உக்காந்துக்கிட்டு உனக்குக் கடல் கேக்குதா?" என்று அம்மா கேட்டு முடித்துவிட்டார். அந்தக் கேலியை மட்டும் நீங்கள் விட்டுவிடலாம்.

தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி 255 லிட்டர். சென்னையில் ஒருவர் தன் கடல் தொட்டியைக் கலைத்தபோது எடுத்துவைத்த கல்லை வாங்கி வந்திருக்கிறேன். 22 கிலோ, 6,000 ரூபாய். பாதி, கடையில் விற்கும் செயற்கைக் கல். மீதி, வெளிநாட்டில் நிலத்திலிருந்து வெட்டியெடுத்த பழங்காலப் பாறை. இரண்டுக்கும் ரசீது கொடுத்தார். எல்லாமே அவர் தொட்டியில் ஐந்து வருடம் இருந்தவை. அப்புறம் இரண்டு வருடம் கோணியில் கட்டி மொட்டை மாடியில் போட்டுவிட்டார். ரயிலில் எதிர் சீட்டுக்காரர், "கருவாடா தம்பி?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை.

கல் இப்போது சாம்பல் நிறம். சில இடத்தில் பழுப்பு. துளைகளுக்குள் காய்ந்த தோல் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. புழுக்கூடு போல வெள்ளைக் குழாய்கள் நிறைய. ஒரு பெரிய கல்லின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாகக் காய்ந்த தழும்புகள். ஒரு கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். வராண்டா முழுக்க நாற்றம்.

வீடியோக்களில் ஒருவர் கொதிக்க வை என்கிறார், ஒருவர் ப்ளீச் என்கிறார், இன்னொருவர் ஆசிட்டில் போட்டுக் கல் பொங்குவதைக் காட்டிப் பெருமைப்படுகிறார். எதைச் செய்வது? எத்தனை நாள் ஆகும்? ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மகளுக்கு இரண்டு கோமாளி மீன் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கு ஏப்ரல் 24.

நன்னீர்ப் பித்தன்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கல்யாண அண்டா ஒன்றை வாடகைக்கு எடுத்து, கல்லைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். என் தொட்டிக்கு மரக்கட்டையை அப்படித்தான் தயார் செய்தேன். எந்தக் கிருமியும் மிஞ்சாது.

ராணிப்பேட்டை தோல்காரன்:

தம்பி, அடுப்பைப் பற்றவைத்திருந்தால் முதலில் அணைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

மேலே எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நன்னீர்த் தொட்டிக்கான மரக்கட்டைக்கு அது சரி. கடல் தொட்டியில் கிடந்த கல்லுக்கு அது ஆபத்து. பொத்தான் மாதிரி வட்டத் தழும்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் சோவாந்திட் என்னும் பொத்தான் பவளம் ஒட்டியிருந்த தடம். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற விஷம் உண்டு. 1971இல் ஹவாயில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் கிடைக்கும் விஷங்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று. சூட்டில் அது அழிந்துபோவதில்லை. கொதிக்க வைத்தால் ஆவியோடு கிளம்பி மூச்சில் ஏறும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் அலங்கார மீன் கடைகளிலும் இப்படி மூச்சில் ஏறியவர்கள் இருமல், காய்ச்சல், வாயில் இரும்புச் சுவை என்று படுத்ததை அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே பதிவு செய்திருக்கிறது. உங்கள் வீட்டில் குழந்தை வேறு இருக்கிறது. போதாததற்கு, துளையில் அடைபட்ட காற்றும் நீரும் சூடேறினால் கல் வெடித்துச் சிதறவும் கூடும்.

இதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், காய்ந்த கல்லை காய்ந்தபடியே தேய்க்காதீர்கள். தூசி பறக்கும். முதலில் ஊறட்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லேபில் 28 வருடம் இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிட், சுண்ணாம்பு, உப்பு, அமோனியா வாடை எல்லாம் எனக்குச் சோறு போட்டவை. ஆகவே 2016இல் முதல் கடல் தொட்டி வைத்தபோது, கல் சுத்தம் செய்வதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். ஆசிட்டில் போட்டேன். பொங்கியது. எடுத்துக் கழுவினேன். பச்சரிசி மாதிரி வெளுப்பு. மறுநாளே தொட்டியில் அடுக்கி, ஒரு மாதத்தில் மீனும் விட்டேன். இரண்டாவது மாதம் பச்சை முடிப்பாசி கிளம்பியது. எட்டு மாதம். பிடுங்கினால் ஒரு வாரத்தில் மறுபடி ஒரு விரற்கடை நீளம். நத்தை விட்டேன், விளக்கு நேரத்தைக் குறைத்தேன், தண்ணீர் மாற்றினேன். கடைசியில், பாசிக்கு உரமான பாஸ்பேட்டை அளக்கும் சோதனைக் கருவி ஒன்று கடன் வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தண்ணீரை மாற்றிய அன்று குறையும், மூன்றாம் நாள் பழைய அளவுக்கே வந்து நிற்கும். ஊற்று கல்லுக்குள் இருந்தது.

இந்தக் கல் கால்சியம் கார்பனேட். அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. பழைய தொட்டியில் ஐந்து வருடம் மீனுக்குப் போட்ட தீனி, மீன் கழிவு, துளைக்குள் செத்துக் காய்ந்த கடற்பஞ்சு, புழு எல்லாம் அதில் ஏறியிருக்கும். சுற்றியுள்ள தண்ணீரில் பாஸ்பேட் குறையும்போது கல் கொஞ்சம் விடும். அதைக் கழித்தால் மறுபடி விடும். ஆசிட் மேல்தோலைத்தான் கரைக்கும். நான் கல்லின் தோலைப் பார்த்து ஏமாந்தேன். தோலைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கிய ஆள்!

டேனரியில் சுண்ணாம்பில் ஊறிய தோலைச் சுண்ணாம்பு நீக்கிய பின், வெளியே தடவிப் பார்த்து யாரும் சரி சொல்ல மாட்டார்கள். ஓரத்தில் கத்தியால் வெட்டி, வெட்டு வாயில் ஃபீனால்ஃப்தலீன் ஒரு சொட்டு விடுவோம். நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் உள்ளே சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது, டிரம் இன்னும் சுற்ற வேண்டும். கல்லை அப்படி வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் சுத்தமான தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கேட்க வேண்டும். முழு வேலையுமே இதுதான். மற்றதெல்லாம் குளிப்பாட்டுவது.

சரி, முறைக்கு வருகிறேன். முதலில் மூன்று நாள் வெறும் குழாய்த் தண்ணீரில் ஊற வையுங்கள். இது காய்ந்த கல், காப்பாற்ற வேண்டிய உயிர் எதுவும் அதில் இல்லை, அதனால் உப்பு தேவையில்லை. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். டீக்கஷன் மாதிரி நிறம் இறங்கும், பயப்பட வேண்டாம். பிறகு தண்ணீருக்குள் வைத்தே பிளாஸ்டிக் நார் பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளை ஒரு மரக்குச்சியால் குத்தி விடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், கம்பி முறிந்து உள்ளே தங்கித் துருப்பிடிக்கும்.

அடுத்து ப்ளீச். வாசனை சேர்க்காத திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்குங்கள். நீச்சல் குளத்துக்கு விற்கும் 10 சதவீதச் சரக்கு என்றால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். ப்ளீச்சிங் பவுடரும் வேலை செய்யும். ஆனால் சுண்ணாம்புக் கசடு துளைகளில் படிந்து அதைக் கழுவுவது தனி வேலை. நான்கைந்து நாள் முங்கிக் கிடக்கட்டும், தினமும் ஒரு தடவை கல்லைப் புரட்டுங்கள். ப்ளீச் நடக்கும் இடம் நிழலாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயில் பட்டால் ஹைப்போகுளோரைட் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். கடையில் வெயிலில் அடுக்கிய கேனையும் வாங்காதீர்கள். ப்ளீச் அந்தப் பொத்தான் விஷத்தையும் சிதைக்கும் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம், மிஞ்சிய குளோரினை முறிக்க ஹைப்போ. நன்னீர்த் தொட்டிக்குப் போடுவீர்களே, அதே சோடியம் தையோசல்பேட் கட்டிதான். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரில் ஹைப்போ போட்டு ஒரு நாள் வையுங்கள். மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரின் சொட்டு மருந்து கிடைத்தால் சோதியுங்கள். மஞ்சள் வராமல் இருக்க வேண்டும். பின்பு மாடியில் பரப்பிவிடுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் மூன்று வாரம் காயவைப்பதை நாம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு வாரத்தில் முடித்துக்கொள்ளலாம். வேலூர் வெயில் எனக்குத் தெரிந்து பயன்பட்ட ஒரே இடம் இது.

ஆசிட் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்குத் தேவைப்படாது என்பது என் கணிப்பு. ஆனாலும் யாராவது செய்யச் சொல்வார்கள், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு லிட்டர், ஏறத்தாழ அரை கிலோ கல்லைத் தின்னும். தின்னும்போது 130 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு விடும். குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை இல்லை. எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. உங்கள் செயற்கைக் கல்லைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். சிமென்ட் கலந்திருந்தால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும், மேலே பூசிய ஊதா நிறமும் போய்விடும். நிலத்துப் பாறையில் பிடிவாதமான கறை இருந்தால் மட்டும், இருபதுக்கு ஒன்று என்ற அளவில், நுரை அடங்கும் வரை. நுரை அடங்கினால் பெரும்பாலும் ஆசிட் செலவாகிவிட்டது என்று பொருள். வயிற்றெரிச்சலுக்கு மென்று தின்னும் மாத்திரையில் இருப்பதும் இதே கார்பனேட்தான். ஆனாலும் கண்ணை நம்பாமல் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுங்கள்.

காய்ந்த பிறகு நான் சொன்ன விசாரணை. ஒரு டிரம்மில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு, உள்ளே ஒரு சின்ன பம்ப் ஓடட்டும். மூடி வையுங்கள், வெளிச்சம் வேண்டாம். ஏழாம் நாள் பாஸ்பேட் பாருங்கள். எழுதி வையுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். மறுபடி ஏழு நாள். 0.1 பிபிஎம் (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) பக்கத்தில் வந்து நின்றால் கல் தொட்டிக்குப் போகலாம். பாஸ்பேட்டைப் பிடித்துப் படியவைக்கும் லாந்தனம் குளோரைடு ஊற்றி இதைச் சுருக்குகிறவர்கள் உண்டு. டிரம்மில் செய்யலாம், மீன் இருக்கும் தொட்டியில் கை வைக்காதீர்கள்.

டிரம் என்றதும் ஒன்று. எங்கள் பக்கம் பழைய நீல நிற ரசாயன டிரம் மலிவாகக் கிடைக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். எதில் குரோமியம் உப்பு இருந்தது, எதில் பூஞ்சைக்கொல்லி இருந்தது என்று ஸ்டிக்கர் சொல்லாது. நானே அந்த ஸ்டிக்கர்களைக் கிழித்து ஒட்டியிருக்கிறேன்.

ஜூனில் மீன் கிடையாது. மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

காட்பாடிக் கடலோடி:

சார், மிக்க நன்றி. அண்டா யோசனையை அம்மாவிடம் சொல்லக்கூட இல்லை. தப்பித்தேன்.

மூன்று சந்தேகம். எங்கள் போர் தண்ணீர், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 1,400 காட்டுகிறது. வாரத்தில் இரண்டு நாள் காவிரித் தண்ணீர் வருகிறது. ஊற வைப்பதற்கு எது? இரண்டாவது, ஒரு கல்லில் லேசாகப் பச்சை நீலக் கறை. செம்பு மருந்து போட்டிருப்பாரோ? மூன்றாவது, 22 கிலோவும் வேண்டுமா? செய்து பார்க்க ஒரே ஒரு கல்லை ப்ளீச்சில் போட்டிருக்கிறேன். நாற்றம் பாதி போய்விட்டது.

சத்துவாச்சாரி சின்னத்தொட்டி:

தோல்காரர் சார் பதில் சொல்வதற்குள் நான் நுழைந்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது இரண்டடித் தொட்டிதான், நான்காவது வருடம் நடக்கிறது.

ப்ளீச், அலசல் எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர் போதும். கடைசி அலசலும் ஊற வைப்பதும் ஆர்ஓ. அதிலும் வீட்டு ஆர்ஓ என்றால் மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு மெஷின் புதிதாக இருந்தபோதே 60 காட்டியது. குடிக்க நன்றாக இருக்கும், தொட்டிக்கு ஆகாது. பின்னால், மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் குப்பி ஒன்று மாட்டிய பிறகுதான் பூஜ்யம் வந்தது. டேனரிக் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பே வந்த ஊர் நம்முடையது. சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்! உப்புக் கரைக்கும் தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருவர் தப்பிக்கட்டும். ப்ளீச் வைத்த பக்கெட்டை அரைகுறையாகக் கவிழ்த்துவிட்டு, கறை போகவில்லையே என்று அதே பக்கெட்டில் கழிவறை ஆசிட்டை ஊற்றினேன். பச்சை மஞ்சளாக ஒரு புகை எழுந்ததுதான் தெரியும். அது குளோரின் வாயு. மாடியில், திறந்த வெளியில் இருந்ததால் பிழைத்தேன். இரண்டு நாள் தொண்டை எரிச்சலும் இருமலும். டாக்டர் என்னிடம், "வீட்டில் என்ன ஃபேக்டரி நடத்துறீங்களா?" என்று கேட்டார். ப்ளீச்சும் ஆசிட்டும் ஒரே நாளில், ஒரே பாத்திரத்தில், ஒரே கல்லில் சேரவே கூடாது. கல்லின் துளைக்குள் ப்ளீச் மிச்சம் இருந்தாலும் இதே கதைதான். இரண்டும் செய்வதென்றால் நடுவில் ஹைப்போவும் முழுசாகக் காயவைப்பதும் கட்டாயம்.

மாடியில் காயவைக்கும்போது மேலே பழைய கொசுவலை போடுங்கள். காக்கைக்கு இந்த நாற்றம் பிடிக்கும். எங்கள் தெருக் குரங்கு ஒரு கல்லைத் தூக்கிப் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போட்டு, அந்த ஓட்டுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

ராணிப்பேட்டை தோல்காரன்:

சத்துவாச்சாரி அம்மா, கோபம் எதற்கு? அந்தத் தீர்ப்பு வந்த வருடம் நான் லேபில்தான் இருந்தேன். அதைப் பற்றிப் பேச வேறு இடம் வேண்டும், நிறைய நேரமும் வேண்டும்.

தம்பி, செம்பு. முதலில் பழைய சொந்தக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: வெள்ளைப்புள்ளி நோய்க்கு இந்தக் கல் இருந்த தொட்டியிலேயே மருந்து போட்டாரா? போட்டிருந்தால் கார்பனேட் செம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். மீனுக்கு அவ்வளவு தெரியாது. இறால், நத்தை, பவளம் இவைதான் முதலில் சாகும். கறை படிந்த கல்லைத் தனி பக்கெட்டில் ஊற வைத்து, செம்புச் சோதனைக் கருவியில் பாருங்கள். துளிகூடக் காட்டினால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். ஒரு காந்தத்தையும் எல்லாக் கல் மேலும் ஓட்டிப் பாருங்கள், ஆணி கீணி ஒட்டியிருக்கும்.

22 கிலோ தேவையில்லை. நல்ல துளையுள்ள கல்லாக 14, 15 கிலோ போதும். மீன் நீந்த இடம் வேண்டாமா? சின்னத் துண்டுகளைக் கீழே சம்ப்பில், அதாவது தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டியில், போடுங்கள். அடுக்கும்போது கல்லைக் கண்ணாடித் தரையில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால், மண் தோண்டும் கோபி மீன் ஒரு நாள் ராத்திரி அடியில் குடைந்து மொத்தத்தையும் கண்ணாடி மேல் சாய்த்துவிடும்.

பாலாற்று வாளை:

காசு கொடுத்து இவ்வளவு பாடுபடுவதற்கு ராமேஸ்வரம் பக்கம் எனக்கு ஆள் தெரியும். கரையில் ஒதுங்கிய பவளக் கல், கிலோ 80 ரூபாய். லாரியில் வாலாஜா டோல்கேட் வரை வரும். வேண்டுமென்றால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நம் மலைக் கல்லே இருக்கிறதே, அதைப் போட்டால் ஆகாதா?

மண்டபத்து மருமகன்:

பிறந்தது வேலூர் சைதாப்பேட்டை, பெண் எடுத்தது மண்டபம். அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

வாளை அண்ணே, அந்த ஆளின் நம்பரை அழித்துவிடுங்கள். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையையும் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தால்தான் குற்றம், செத்து ஒதுங்கினால் இல்லை என்று நினைக்காதீர்கள். எடுப்பவர், விற்பவர், வாங்குபவர் எல்லோருக்கும் வினை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் மாமனார் ஊரில் அதை முருகைக்கல் என்பார்கள். அவர் சின்ன வயதில் வள்ளம் வள்ளமாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனதாம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்றைக்குத் தண்ணீருக்கு மேலே இல்லை. கல்லை எடுத்தால் அலையைத் தடுக்க ஆள் இல்லை, அலை மணலை அரித்துக்கொண்டு போகிறது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் ரொம்ப நாள் கள்ளத்தனமாக எடுத்தார்கள். கடல் தொட்டி வைக்கிற நாமே அதை வாங்கினால் எப்படி?

மலைக் கல்லைப் பொறுத்தவரை, நம் மலைகள் கருங்கல். துளையே இல்லை, பாக்டீரியா குடியிருக்க இடம் கிடையாது, வெறும் எடை. சந்தேகமான கல் எதுவானாலும் எலுமிச்சைச் சாறோ வினிகரோ இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் கார்பனேட். வயல் வரப்பில் கிடைக்கும் சுக்கான்கல் கூடப் பொங்கும். ஆனால் அதில் களிமண்ணும் இரும்பும் கலந்திருக்கும், வேண்டாம்.

பாலாற்று வாளை:

தெரியாமல் சொல்லிவிட்டேன். நம்பரை எடுத்துவிட்டேன்.

காட்பாடிக் கடலோடி:

எல்லோருக்கும் ஒரு தகவல். இன்றைக்கு ஜூலை 6. எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், எழுத ஒன்றும் இல்லை, கல் ஊறிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் ஊறல் எனக்கு ஐந்து நாள் ஆனது, டீக்கஷன் நின்றபாடில்லை. ஐந்து நாள் ப்ளீச். மூன்றாம் நாள் புரட்டும்போது ஒரு துளையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு காய்ந்த புழு முழுசாக வெளியே வந்தது. மகள் அதைத் தீப்பெட்டியில் போட்டுவைத்துப் பள்ளி திறந்ததும் கொண்டுபோகக் கேட்டாள், கொடுக்கவில்லை. ஹைப்போ, பிறகு மாடியில் ஒன்பது நாள் வெயில், மேலே கொசுவலை. நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. கல் வெள்ளை வெளேர் என்று இல்லை, மங்கிய எலும்பு நிறம். ஆசிட்டைத் தொடவில்லை.

சென்னைக்காரரிடம் கேட்டேன். ஒரு முறை செம்பு மருந்து போட்டது உண்மை, ஆனால் தனித் தொட்டியில் என்றார். கறைக் கல்லைத் தனியாக ஊற வைத்துப் பார்த்தேன், லேசாக நிறம் காட்டியது. அது இப்போது துளசி மாடத்தின் அடியில் முட்டுக்கொடுக்கிறது.

பாஸ்பேட் கணக்கு: ஆர்ஓ தண்ணீரில் முதல் வாரம் 1.4. எனக்கு மயக்கமே வந்தது, பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்த கல். இரண்டாம் வாரம் 0.8. மூன்றாவது 0.45. நான்காவது வாரம் 0.5! கூடிவிட்டதே என்று தோல்காரர் சாருக்குத் தனியாக எழுதினேன். "பம்ப் ஓடியதா?" என்று ஒரே கேள்வி கேட்டார். மூன்றாம் வாரம் கரண்ட் போனபோது நின்ற பம்பை, நான்காம் வாரத்துக்குத் தண்ணீர் மாற்றும்போதுதான் திரும்பப் போட்டிருக்கிறேன். தண்ணீர் கல்லுக்குள் நுழையாததால் அந்த வாரம் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. ஐந்தாவது வாரம் 0.2, அப்புறம் நேற்று 0.09.

இன்று கல் தொட்டிக்குள் போய்விட்டது. 15 கிலோ, கண்ணாடித் தரை மேல், சுற்றி மணல். உப்பு எட்டு கிலோவுக்குச் சற்று மேல் பிடித்தது, அடர்த்தி 1.025. சத்துவாச்சாரி அக்கா தன் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மணலும், சம்ப்பில் கிடந்த ஒரு சின்னக் கல்லும் ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் கொடுத்தார். காய்ந்த கல்லுக்கு உயிர் கொடுக்க அது வேண்டுமாம். பாக்டீரியாவுக்குத் தீனியாகும் அமோனியா வர ஒரு பச்சை இறால் போட்டிருக்கிறேன். தண்ணீர் 31 டிகிரி இருக்கிறது, அதைக் குளிர்விக்கும் சில்லர் அடுத்த மாதச் சம்பளத்தில்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். கல் ஊறிய டிரம் காலியாகிவிட்டது, அம்மா அதில் காவிரித் தண்ணீர் பிடித்து வைக்கக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ராணிப்பேட்டை தோல்காரன்:

ப்ளீச் வைத்ததும் அதே டிரம்மா? ப்ளீச்சைக் கழுவிவிடலாம். ஆனால் முதல் ஐந்து நாள் டீக்கஷனும் அதில்தானே இறங்கியது, அந்தப் பொத்தான் கல்லும் அதில்தானே கிடந்தது? குடிக்கிற தண்ணீருக்கு வேண்டாம். அம்மாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். இதைத் தொட்டிக்கு உப்புக் கரைக்க வைத்துக்கொள்ளுங்கள், வாரா வாரம் தேவைப்படும். இறாலை நாலு நாளில் எடுத்துவிடுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த பின் எழுதுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வாருங்கள், என்னிடம் கோமாளி மீன் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது.